விரல் ஆறும், முழங்கால் ஆறாது

"கையில வெட்டுப்பட்டா நாலஞ்சு நாள்ல ஆறிடுது. இந்த முட்டி மட்டும் ஏங்க ஆறவே மாட்டேங்குது?"

எலும்பு மருத்துவர்கள் அலுக்க அலுக்கக் கேட்கும் கேள்வி இது. "வயசாகிடுச்சு இல்ல" என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. எழுபது வயதுக்காரரின் விரலும் வெட்டுப்பட்டால் ஆறுகிறது. கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். இருபத்தைந்து வயது கபடி வீரரின் முழங்கால் குருத்தெலும்பு சிதைந்தால் பழையபடி திரும்புவதில்லை. ஆகவே வயதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேட வேண்டும்.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது செவிலிமேடு. அங்கே குழித்தறியில் முப்பது வருடம் உட்கார்ந்த ஒரு நெசவாளரைக் கற்பனை செய்துகொள்வோம். கால்கள் குழிக்குள், மிதியின் மேல். கைகள் நாடாவிலும் அச்சிலும். இழை அறுக்கும்போது பிளேடு நழுவி, இடதுகைச் சுட்டுவிரலில் ஆழமாக வெட்டிவிடுகிறது. அந்த ஒரு வெட்டு எதையெல்லாம் கடந்து போகிறது, அவை ஒவ்வொன்றும் எப்படிச் சரியாகின்றன என்று பின்தொடர்ந்தால் முழங்காலுக்கும் விடை கிடைக்கும்.

இருபத்தொன்று, பிறகு நான்கு

நம் உடம்பில் சுமார் 37 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவற்றில் 200 ரகத்துக்கு மேல் உண்டு. ஆனால் அவை கலைந்து கிடப்பதில்லை. ஒரே மாதிரியான செல்கள், தங்களைச் சூழ்ந்த பொருளோடு சேர்ந்து, ஒரே வேலைக்காகக் கூடியிருக்கின்றன. இந்தக் கூட்டம்தான் திசு.

பாரிஸில் பிஷா என்ற இளம் மருத்துவர் பிணங்களை அறுத்து அறுத்துப் பார்த்து, மனித உடம்பு 21 வகைத் திசுக்களால் ஆனது என்று 1801-இல் எழுதினார். நுண்ணோக்கியை அவர் நம்பவில்லை. வேகவைத்தார், உலர்த்தினார், அழுகவிட்டார், அமிலத்தில் போட்டார். எது எப்படி மாறுகிறது என்று பார்த்து வகை பிரித்தார். மறு வருடமே, முப்பது வயதில், இறந்துபோனார். நோய் உறுப்பைப் பிடிப்பதில்லை, உறுப்புக்குள் இருக்கும் திசுவைப் பிடிக்கிறது என்பது அவர் விட்டுச்சென்ற முக்கியமான எண்ணம். எந்த உறுப்பில் இருந்தாலும் ஒரே வகைத் திசு ஏறக்குறைய ஒரே விதமாக நோய்ப்படும்.

அடுத்த அறுபது ஆண்டுகளில் நல்ல நுண்ணோக்கிகள் வந்தன. 21 சுருங்கி நான்கானது. பள்ளிப் பாடநூலில் எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்று படித்திருப்போம். முதல் பெயர் வாயில் நுழைய மறுப்பதால் அதை இந்த அத்தியாயத்தில் மூடுதிசு என்றே சொல்கிறேன். உடம்பின் மேற்புறத்தையும், உள்ளே இருக்கும் குழாய், பை எல்லாவற்றின் உட்புறத்தையும் மூடியிருப்பது அது.

முதல் மில்லிமீட்டர்

பிளேடு முதலில் தொடுவது மேல்தோலை. இது மூடுதிசு. செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்து, அடுக்கடுக்காக நிற்கின்றன. உடம்பின் பெரும்பகுதியில் மேல்தோலின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். தொடர்ந்து உரசும் இடத்தில் இன்னும் தடிக்கும். அதைத்தான் காய்ப்பு என்கிறோம். நெசவாளரின் கையைப் பார்த்தாலே எந்த விரல் எந்த வேலையைச் செய்கிறது என்று சொல்லிவிடலாம்.

மேல்தோலுக்குள் இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. நோட்டுப் புத்தகத்தின் தாள் விரலைக் கீறினால் சில சமயம் சொட்டு இரத்தமும் வராததற்கு இதுதான் காரணம்: கீறல் மேல்தோலோடு நின்றுவிட்டது. கீழிருக்கும் அடுக்கிலிருந்து கசிந்து வரும் உணவே மேல்தோலுக்குப் போதும். அடிவரிசைச் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ள, பழையவை கெரட்டின் என்ற கடினமான புரதத்தை நிரப்பிக்கொண்டு, செத்து, மேற்பரப்பில் தட்டையாகி, உதிர்ந்துவிடுகின்றன. அடிவரிசையை விட்டு மேலே கிளம்பும் எந்தச் செல்லும் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு மேல் நம்மோடு இருப்பதில்லை. சிறுகுடலின் உட்புறத்தை மூடியிருக்கும் செல்கள் இன்னும் அவசரக்காரர்கள். மூன்று முதல் ஐந்து நாளில் மாறிவிடுகின்றன.

வெட்டு விழுந்த சில மணி நேரத்திலேயே காயத்தின் இரு கரைகளிலும் இருக்கும் அடிவரிசைச் செல்கள் நகரத் தொடங்குகின்றன. பக்கத்தில் இன்னொரு செல் முட்டும்வரை ஊர்ந்து போகும். முட்டியதும் நிற்கும். மெல்லிய கீறலாக இருந்தால் ஓரிரு நாளில் இரு கரையும் சேர்ந்துவிடும், தழும்பும் இருக்காது. தினமும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் திசுவுக்குக் காயம் என்பது கொஞ்சம் கூடுதல் வேலை மட்டுமே.

பாலாற்றின் மேல்பகுதியில் ஒரு தொழில்

நம் பிளேடு அதோடு நிற்கவில்லை. உட்தோலுக்குள் இறங்கிவிட்டது, இரத்தம் கொட்டுகிறது. இது இணைப்புத் திசு. மூடுதிசுவுக்கு நேர்மாறு: இங்கே செல்கள் குறைவு, செல்களுக்கு வெளியே இருக்கும் பொருள்தான் அதிகம். அந்தப் பொருள் கெட்டியாகக் கல் போல இருந்தால் எலும்பு, வளைந்து கொடுத்தால் குருத்தெலும்பு, நார்நாராக இருந்தால் தசைநாண், திரவமாக ஓடினால் இரத்தம். ஓடும் இரத்தத்தை எலும்போடு ஒரே வகுப்பில் உட்கார வைத்ததைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகள் விழிப்பது நியாயமே. இரண்டிலும் செல்கள் தமக்கு வெளியே இருக்கும் பொருளில் சிதறிக் கிடக்கின்றன. கருவிலும் இரண்டும் ஒரே அடுக்கிலிருந்து கிளைத்தவை.

உட்தோலின் பலம் கொலாஜன் என்ற புரதம். நம் உடம்பின் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். பாலாற்றின் மேல்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழில் முழுவதும் இந்தப் புரதத்தின் மேல்தான் நிற்கிறது. சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியையும் மேல்தோலையும் நீக்கி, அடியிலிருக்கும் கொழுப்பையும் சதையையும் சுரண்டி எடுத்தால் எஞ்சுவது உட்தோலின் கொலாஜன். காலில் போட்டிருக்கும் செருப்பு, பதப்படுத்திய இணைப்புத் திசு. (அந்தத் தொழில் பாலாற்றுக்கு என்ன செய்தது என்பது வேறு கதை, இந்தப் புத்தகத்தில் அதற்கு இடம் போதாது.)

கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாண் போன்றவற்றை எக்ஸ் கதிரில் படமெடுத்து, 1954-இல் 'நேச்சர்' இதழில் ஒரு வடிவத்தை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்திச் செப்பனிட்டார்கள். மூன்று புரத இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாக நிற்கின்றன என்பதே அது. காஞ்சிபுரத்தில் பட்டிழைகளை முறுக்கேற்றி ஒரே பாவு நூலாக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒற்றை இழை அறுந்துபோகும் இடத்தில் முறுக்கு நூல் தாங்கும். மூன்று இழைகள் இவ்வளவு நெருக்கமாகச் சேர ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு இழையிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் இடம் போதாது. கொலாஜனில் கிளைசின் மூன்றில் ஒரு பங்கு இருப்பது முன்பே தெரியும். ஏன் என்பதை ராமச்சந்திரனின் வடிவம் சொன்னது. அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு இந்த முச்சுருளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நெசவாளரின் விரலுக்குத் திரும்புவோம். இரத்தத் தட்டணுக்கள் ஒட்டி, உறைகட்டி விழுந்து, ஓட்டை அடைபடுகிறது. விழுங்கு செல்கள் வந்து அழுக்கையும் செத்த செல்களையும் அப்புறப்படுத்துகின்றன. மூன்றாம் நான்காம் நாளில் நார்ச்செல்கள் வந்து சேர்ந்து கொலாஜனைச் சுரக்கத் தொடங்குகின்றன. முதலில் போடுவது மெல்லிய, தற்காலிக ரகம். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதை அகற்றிவிட்டுத் தடித்த ரகத்தைப் போடுகின்றன. மூன்று மாதத்தில் பழைய பலத்தில் சுமார் 80 சதவீதம் வரை திரும்பும். முழுதாகத் திரும்புவதே இல்லை. ஆழமான வெட்டு விட்டுப்போகும் தழும்பில் முடி முளைக்காது, வியர்க்காது. மூடுதிசு தன்னை மறுபடி படைத்துக்கொள்கிறது என்றால், இணைப்புத் திசு ஒட்டுப்போடுகிறது.

அந்த ஒட்டைக்கூட உடம்பு ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடுவதில்லை. தழும்பின் கொலாஜன் வருடக்கணக்கில் அழிந்து அழிந்து புதிதாகிறது. முறுக்கு நிலைத்து நிற்க வைட்டமின் சி வேண்டும். பல மாதம் பச்சைக் காய் கனி இல்லாமல் கடலில் கிடந்த பழைய மாலுமிகளுக்கு, பல வருடங்களுக்கு முன் ஆறிய காயங்கள் மறுபடி திறந்துகொண்டது இதனால்தான். நெல்லிக்காய் தின்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

விரலில் இல்லாத ஒன்று

அடுத்து, எலும்பை அசைக்கும் தசை. பிளேடு எவ்வளவு ஆழம் போனாலும் விரலில் அதைப் பார்க்க முடியாது. விரலை மடக்கி நீட்டும் தசை ஒன்றுகூட விரலுக்குள் கிடையாது! இடது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, வலது கையால் பிடித்துக்கொண்டு இடது விரல்களை மடக்கிப் பாருங்கள். அசைவது அங்கே. அங்கிருக்கும் தசைகள் சுருங்கி, நீண்ட தசைநாண்கள் வழியாக விரல் எலும்பை இழுக்கின்றன. நுணுக்கமான அசைவுகளுக்கு உள்ளங்கையில் சில சிறு தசைகளும் உண்டு. இந்த இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

எலும்போடு இணைந்த தசை அடிபட்டால் ஓரளவு மீளும். தசை இழைகளின் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் சில செல்கள் விழித்து, பெருகி, பழைய இழையோடு சேர்ந்துகொள்ளும். வெட்டுப்பட்ட விரலின் இரத்தக் குழாய்ச் சுவரில் இருக்கும் மழமழப்பான தசைக்கும் பிரிந்து பெருகும் திறன் உண்டு. இரத்தம் நிற்க முதலில் உதவுவதும் அதன் சுருக்கமே. மூன்றாவது ரகமான இதயத் தசைதான் பரிதாபம். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறியது. எல்லோருடைய உடம்பிலும் சேர்ந்தது. இந்தக் கெட்டதிலிருந்து ஒரு நல்லதைப் பிழிந்தார்கள் சுவீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள். இதயத் தசைச் செல்லின் டி.என்.ஏ.வில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று அளந்து அந்தச் செல் எந்த வருடம் பிறந்தது என்று கணித்தார்கள். 2009-இல் வெளியான விடை: 25 வயதில் வருடத்துக்கு ஒரு சதவீதச் செல்கள்தான் புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. மாரடைப்பில் செத்த இடத்தில் தசை வளராமல் தழும்பு விழுவது இதனால்தான்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

நெசவாளரின் வெட்டு விரலின் பக்கவாட்டில் ஓடும் நரம்பையும் அறுத்திருக்கலாம். அப்படியென்றால் அந்தப் பக்கம் மரத்துப்போகும். நரம்புத் திசு இல்லாத கை என்னவாகும் என்பதை உலகுக்குச் சொன்னதும் இதே ஆற்றங்கரைதான்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். சில காலம் கழித்து, செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் வளைந்து முடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடங்கிய கையில் பிடி தளர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். பிடி வலிக்கும் அளவுக்கு இருந்தது. முன்கைத் தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செத்திருந்தன. முழங்கையின் பின்புறம், இடித்துக்கொண்டால் 'சுர்ர்' என்று இழுக்கும் இடத்தில் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பை நோய் தாக்கியிருந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும். அந்த இடத்துக்குக் கீழே, அந்த நரம்பை நம்பியிருந்த தசைகள் செயலிழந்தன. நன்றாக இருக்கும் முன்கைத் தசையின் நாணை எடுத்து, இடம் மாற்றித் தைத்து, பிராண்ட் விரல்களை நிமிர்த்தினார்.

அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அடுத்து வந்தது. தொழுநோய் வந்தால் விரல்கள் அழுகி விழும் என்றே காலங்காலமாக நம்பியிருந்தார்கள். பிராண்ட் அந்த விரல்களின் சதையை ஆராயக் கொடுத்தார். அழுகல் இல்லை, சாதாரணச் சதை. காயத்தைக் கட்டிப் பாதுகாத்தால் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது. அப்படியானால் விரல் எங்கே போகிறது? துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய ஒரு பையனின் விரல் எலும்புவரை கிழிந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கினார்கள். இரவில் தூங்கும்போது எலி கடித்தது தெரியாமல் காலையில் விரலில் குறையோடு எழுந்தார்கள். அதற்காகப் பிறகு பூனைகள் வளர்க்கக் கொடுத்தார்கள். மூடுதிசு இருந்தது, இணைப்புத் திசு இருந்தது, இரண்டும் ஒழுங்காக ஆறிக்கொண்டும் இருந்தன. வலிக்கும் என்று சொல்லும் திசு மட்டும் இல்லை. அது போதும், விரல்களை இழக்க. தொழுநோயாளிகளை ஊருக்கு வெளியே தள்ளிய நூற்றாண்டுகளின் அச்சத்தில் பெரும்பகுதி ஒரு திசுவின் நோயை இன்னொரு திசுவின் நோயாகத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது.

நெசவாளரின் நரம்புக்கு நம்பிக்கை உண்டு. விரல்நுனியின் தொடுவுணர்வைச் சுமக்கும் நரம்புச் செல்லின் உடல் இருப்பது விரலில் இல்லை, கழுத்தருகே முதுகெலும்பின் பக்கத்தில். அங்கிருந்து மெல்லிய நரம்பிழை ஒன்று கை நீளம் முழுவதும் ஓடி வருகிறது. விரலில் அறுபட்டது அந்த இழையின் கடைசிப் பகுதி மட்டும். செல் உயிரோடு இருக்கிறது. முனைகளைச் சேர்த்துத் தைத்துவிட்டால் இழை பழைய பாதையில் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். விரலில் அறுபட்டால் சில வாரம். மணிக்கட்டில் அறுபட்டால், அங்கிருந்து விரல்நுனிக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் என்று வைத்தால், ஆறு மாதம். மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த வளர்ச்சி நடப்பதில்லை. அங்கே சுற்றியிருக்கும் துணைச்செல்களே இழையை வளரவிடாமல் தடுக்கின்றன.

இரத்தம் போகாத ஊர்

இப்போது முழங்கால். எலும்புகள் உரசாமல் இருக்க அவற்றின் முனையில் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் தடிமனில் குருத்தெலும்பு பூசியிருக்கிறது. இதுவும் இணைப்புத் திசுதான். விரலின் உட்தோலுக்கு உறவுக்காரன். ஆனால் இரத்தக் குழாய் இல்லை. அதனால் உறைகட்டி விழாது, விழுங்கு செல் வராது, நார்ச்செல் வராது. ஒட்டுப்போடும் வேலைக்கு ஆள் வந்து சேரும் சாலையே இல்லை. இரத்தக் குழாய் இல்லாதது மேல்தோலுக்கும்தான், அது மட்டும் ஆறுகிறதே என்று கேட்கலாம். மேல்தோலின் அடிவரிசை ஓயாமல் பெருகும், காலடியிலேயே இரத்தம் நிறைந்த உட்தோலும் இருக்கிறது. குருத்தெலும்பில் செல்கள் மொத்தக் கன அளவில் ஓரிரு சதவீதம்தான். தனித்தனிப் பொந்துகளில் அடைபட்டுக் கிடக்கின்றன, பெரியவர்களில் பிரிவதே அபூர்வம். இளமையில் போட்ட கொலாஜனே கடைசிவரை.

உணவு எப்படிப் போகிறது? அழுத்தத்தால். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு நசுங்கி நீரை வெளியே விடுகிறது. தூக்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் முட்டிவலிக்காரர்களை முற்றாக அசையாமல் உட்காரச் சொல்வதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது. தேயத் தொடங்கும்போது வலிக்காது. வலி வந்துவிட்டது என்றால் அடியிலிருக்கும் எலும்போ மூட்டைச் சுற்றிய சவ்வோ பாதிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-இலேயே எழுதிவிட்டார். இன்றைக்கும் அதை முழுதாக மறுக்கும் சிகிச்சை வரவில்லை. பழுதானதை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கிறோம்.

பெருகும் திறனுக்கு விலை

அப்படியானால் எல்லாத் திசுவும் மூடுதிசு போலப் பெருகினால் நல்லதுதானே? காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு ஒரு பதில் தெரியும். இந்த ஊரில் பிறந்த அண்ணா, 1968-இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக நியூயார்க்கில் அறுவை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3 அன்று காலமானார். உணவுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருப்பது, தோலில் இருப்பது போன்ற அடுக்கடுக்கான மூடுதிசு.

செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். படியெடுப்பில் பிழை சேரலாம். புகை, மது, புகையிலை, வெயில் எல்லாம் முதலில் வந்து மோதுவதும் மூடுதிசுவின் மேல்தான். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கு மேல் மூடுதிசுவில் தொடங்குகின்றன: வாய், மார்பகம், குடல், நுரையீரல், கருப்பை வாய். அநேகமாகப் பிரியவே பிரியாத இதயத் தசையில் புற்றுநோய் தொடங்குவது மிக மிக அரிது.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இத்தகைய மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு சதைத் துணுக்கையும் மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்கும்போது, நோயியல் மருத்துவர் தேடும் முதல் விஷயங்களில் ஒன்று அது எந்தத் திசுவிலிருந்து வந்தது என்பது. மூடுதிசு என்றால் கார்சினோமா. எலும்பு, கொழுப்பு, தசை என்றால் சார்கோமா. மருந்தும் கதிர்வீச்சும் அதற்கேற்ப மாறும். சில கட்டிகளில் செல்கள் தங்கள் பழைய உருவத்தை முற்றிலும் இழந்திருக்கும். பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அப்போது கெரட்டினில் மட்டும் போய் ஒட்டும் ஒரு சாயத்தை விடுவார்கள். காய்ப்பிலும் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே குடும்பத்துப் புரதம். பெரும்பாலும் சாயம் பிடித்தால் மூடுதிசு. பிடிக்காவிட்டால் அடுத்த சாயம்.